உப்பில் பிளாஸ்டிக் துகள்: வியாபாரிகள் அறிய வேண்டிய பாடம்

மளிகைக் கடையில் மிகவும் மலிவான சரக்கு எது என்று கேட்டால், உப்பு என்று எந்தக் கடைப் பையனும் சொல்லிவிடுவான். அதில் கிடைக்கும் இலாபமும் அற்பமே. ஆயினும் உப்பு இல்லாத கடையை எவரும் மளிகைக் கடை என்று மதிப்பதில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். உப்பு அவர்களுக்கு ருசிக்கு மட்டும் உரிய பொருளன்று. ஒருவர் மற்றொருவர் மீது வைக்கும் நம்பிக்கைக்கும் அதுவே அடையாளம்.

அத்தகைய உப்பில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது என்னும் செய்தி சில ஆண்டுகளாகப் பத்திரிகைகளிலும் கைத்தொலைபேசிகளிலும் பரவி வருகிறது. இதைக் கேட்ட வாடிக்கைக்காரர் பெட்டியடிக்கு வந்து, "இந்த உப்பிலும் பிளாஸ்டிக் உண்டா, நானா?" என்று கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது? "அதெல்லாம் கட்டுக்கதை" என்று கையை விரித்தால் அது உண்மையாகாது. "ஆமாம், அந்த உப்பு விஷம், இதோ, விலை கூடிய இந்த உப்பை வாங்குங்கள்" என்று சொன்னாலும் அது உண்மையாகாது. அறியாமையினால் சொன்ன பதிலானாலும், அதன் பலன் கடையின் பெயருக்குத்தான் வந்து சேரும். ஆகவே இவ்விஷயத்தில் ஆராய்ச்சியாளர் கண்டவை எவை, அவற்றின் பொருள் என்ன, நம் கிட்டங்கியிலும் கடையிலும் நாம் செய்யக்கூடியது யாது என்பவற்றை இப்பாடத்தில் முறையாகப் பார்ப்போம்.

1. நுண் பிளாஸ்டிக் என்பது யாது?

ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த அளவுள்ள பிளாஸ்டிக் துகள்களை நுண் பிளாஸ்டிக் என்று அழைக்கிறார்கள். இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சன் என்பவரும் அவருடைய குழுவினரும் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இப்பெயர் உலகெங்கும் வழக்கில் வந்தது. இத்துகள்களில் பெரியவை பச்சரிசி மணி அளவில் இருக்கும். சிறியவை தலைமயிரின் கனத்திலும் குறைந்தவை. பூதக்கண்ணாடி இல்லாமல் கண்ணுக்குப் புலப்படா.

பிளாஸ்டிக் மக்கி மண்ணாவதில்லை. வெயில் பட்டால் அது மொரமொரப்பாகிறது. அலையும் மணலும் தேய்க்கும்போது துண்டு துண்டாக உடைகிறது. உடைந்த துண்டும் பிளாஸ்டிக்தான். அது மேலும் உடைந்தாலும் பிளாஸ்டிக்தான். கடைத்தெருவில் காற்றில் பறக்கும் பை, அறுந்துபோன மீன்வலை, தெருவில் தேயும் மோட்டார் டயர், துவைக்கும்போது பாலியெஸ்டர் துணி உதிர்க்கும் இழை ஆகிய யாவும் இவ்விதமே கடலைச் சென்றடைகின்றன. உற்பத்தியிலோ உபயோகத்திலோ தேய்ந்து, சிறு துகளாகவே கடலில் கலப்பவற்றில் 35 சதவிகிதம் செயற்கை இழைத் துணிகளைத் துவைப்பதனாலும், 28 சதவிகிதம் டயர் தேய்வதனாலும் உண்டாவதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2017-இல் மதிப்பிட்டது. மளிகை வியாபாரிகளோடு ஜவுளி வியாபாரிகளும் இதில் கவனம் செலுத்துவதற்குக் காரணம் உண்டு என்பது இதனால் விளங்கும்.

2. உப்புக்குள் அது வந்த வழி

இது மணலையோ சுண்ணாம்பையோ கலந்து விற்பது போன்ற கலப்படம் என்று சிலர் எண்ணக்கூடும். அது தவறான எண்ணம். எவரும் வேண்டுமென்று இதைக் கலப்பதில்லை. உப்பு விளையும் முறையை அறிந்தால் உண்மை தெளிவாகும்.

காயல்பட்டினத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் பூர்வீகமாகக் கொண்டவர்கள் நம்மிடையே பலர். ஆறுமுகநேரியிலிருந்து தூத்துக்குடி வரை பரந்து கிடக்கும் உப்பளங்களை அவர்கள் அறிவார்கள். தமிழ்நாட்டு உப்பில் பெரும் பங்கு தூத்துக்குடி மாவட்டத்தில் விளைவதே. கடல்நீரையோ, நிலத்தடியிலிருந்து இறைக்கும் உவர்நீரையோ முதலில் பெரிய தேக்கத்தில் நிறுத்துகிறார்கள். பிறகு அதைப் பாத்தி பாத்தியாகப் பாய்ச்சி வெயிலிலும் காற்றிலும் வற்ற வைக்கிறார்கள். நீர் கனத்துக் கடைசிப் பாத்தியில் உப்புப் பூத்ததும், அதை வாரிக் குவித்து, மேலே தங்கிய கசப்பு நீரை வடித்து விடுகிறார்கள்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புச் சத்து இருக்கிறது. அதில் நாம் உண்ணும் உப்பு நான்கில் மூன்று பங்குக்குச் சற்று அதிகம். எனவே ஒரு கிலோ உப்பு விளைய 30 லிட்டருக்கு மேற்பட்ட கடல்நீர் வற்ற வேண்டியிருக்கிறது. தண்ணீர் ஆவியாகப் போய்விடுகிறது. பிளாஸ்டிக் ஆவியாவதுமில்லை, கரைவதுமில்லை. அத்தனை லிட்டர் நீரிலும் மிதந்த துகள்களில் ஒரு பகுதி உப்போடு சேர்ந்து பாத்தியிலேயே தங்கிவிடுகிறது. கடலில் உள்ளதுதான் உப்பில் உள்ளது.

இதுவே ஒரே வழி என்று எண்ணுதலும் கூடாது. உப்பை அரைக்கும் இடத்தின் தூசியிலிருந்தும், அதைக் கட்டும் சாக்கிலிருந்தும், அடைக்கும் பையிலிருந்தும் துகள் சேர இடமுண்டு. ஒரு காலத்தில் உப்பு கோணிச் சாக்கில் வந்தது. ஓலைப் பெட்டியிலும் காகிதப் பொட்டலத்திலும் விற்பனையாயிற்று. இன்று அது பாலிபுரோப்பிலீன் சாக்கில் வருகிறது; பாலித்தீன் பையில் விற்பனையாகிறது. உப்பில் ஆராய்ச்சியாளர் அடிக்கடி காணும் பிளாஸ்டிக் வகைகளில் இவ்விரண்டும் முன்வரிசையில் நிற்கின்றன என்பதை மனத்திற் கொள்ளவேண்டும்.

3. எண்ணிப் பார்த்தவர்கள் கண்டது

ஷங்ஹாயைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் சீனக் கடைகளில் வாங்கிய 15 வகை உப்பைச் சோதித்து, 2015-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். கடல் உப்பில் கிலோவுக்கு 550 முதல் 681 துகள்களும், ஏரி உப்பில் 43 முதல் 364 துகள்களும், பாறை உப்பிலும் கிணற்று உப்பிலும் 7 முதல் 204 துகள்களும் இருந்தன.

நம் மலேசியாவிலும் இந்த வேலை நடந்தது. செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், மலேசியா உட்பட எட்டு நாடுகளில் தயாரான 17 உப்பு வகைகளைச் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வகையில் நுண் பிளாஸ்டிக் இல்லை. மற்றவற்றில் கிலோவுக்கு 1 முதல் 10 துகள்கள் வரை இருந்தன. அவற்றுள் 40 சதவிகிதம் பாலிபுரோப்பிலீன். 33 சதவிகிதம் பாலித்தீன்.

பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியக் கடல் உப்புகளில் சராசரியாகக் கிலோவுக்கு 56 முதல் 103 துகள்கள் காணப்பட்டன. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் தங்கள் ஊர் உப்பையே சோதித்தனர். 2020-இல் வெளிவந்த அவர்களுடைய கணக்குப்படி, கடல்நீரில் விளைந்த உப்பில் சராசரி 35 முதல் 72 வரையும், ஆழ்துளைக் கிணற்று நீரில் விளைந்த உப்பில் 2 முதல் 29 வரையும் இருந்தன.

தென்கொரிய ஆராய்ச்சியாளர் பல நாடுகளிலிருந்து 39 வகை உப்பைத் திரட்டி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 36 வகைகளில் நுண் பிளாஸ்டிக் இருந்தது, மூன்றில் இல்லை. டில்லியைச் சேர்ந்த டாக்சிக்ஸ் லிங்க் என்னும் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், சோதித்த பத்து உப்பு வகைகளிலும் ஐந்து சர்க்கரை வகைகளிலும் துகள் காணப்பட்டது. உப்பில் கிலோவுக்கு 7 முதல் 89 வரை; சர்க்கரையில் 12 முதல் 68 வரை. உப்பை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமன்று என்பதை இந்தக் கடைசிக் கணக்கு காட்டும்.

4. சல்லடைக் கண்ணின் கதை

மேற்கண்ட கணக்குகளைப் பார்த்தவுடன், "சீன உப்பில் 681, செர்டாங் சோதித்த உப்பில் 10, ஆகவே சீன உப்பு எழுபது மடங்கு கெட்டது" என்று சொல்லத் தோன்றும். வியாபாரிகளாகிய நாம் இந்தப் பிழையைச் செய்யக்கூடாது. இரண்டு சரக்கை ஒப்பிடுமுன் ஒரே படியால் அளந்தார்களா என்று கேட்பது நம் தொழிலின் அரிச்சுவடி அல்லவா?

உப்பைச் சோதிக்கும் முறை இது: உப்பைத் தூய நீரில் கரைத்து, மெல்லிய வடிதாளில் வடிப்பார்கள். தாளின் மேல் நின்றதைப் பூதக்கண்ணாடியில் எண்ணி, ஒவ்வொன்றின் மீதும் தனிப்பட்ட ஒளியைப் பாய்ச்சி, அது பிளாஸ்டிக்கா, மண்ணா, சாயமா என்று கண்டறிவார்கள். செர்டாங் ஆய்வில் உபயோகித்த வடிதாளின் கண் 149 மைக்ரோன். சீன ஆய்வில் அது 5 மைக்ரோன். (ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரோன்.) மாச்சல்லடையும் நெல் சல்லடையும் ஒரே பொருளை நிறுத்துமா? பெரிய கண்ணுள்ள சல்லடையில் சிறியவை எல்லாம் தப்பி ஓடிவிடும். ஆகவே ஓர் ஆய்வின் எண்ணை மற்றோர் ஆய்வின் எண்ணோடு நேருக்கு நேர் வைத்து, இந்த நாட்டு உப்பு நல்லது, அந்த நாட்டு உப்பு கெட்டது என்று தீர்ப்புச் சொல்வது முறையன்று.

ஆனால் ஒரே ஆய்வுக்குள், ஒரே சல்லடையால் அளந்தவற்றை ஒப்பிடலாம். அவ்விதம் ஒப்பிட்டால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. சீனாவில் கடல் உப்பில் அதிகம், பாறை உப்பில் குறைவு. தூத்துக்குடியில் கடல்நீர் உப்பில் அதிகம், கிணற்றுநீர் உப்பில் குறைவு. காரணம் கடினமானதன்று. நிலத்தடி நீர் மண்ணையும் மணலையும் ஊடுருவி வருகிறது. மண் அதை வடிகட்டி விடுகிறது. பாறை உப்போ, பிளாஸ்டிக் என்னும் பொருளே உலகில் தோன்றாத யுகத்தில் உறைந்தது. அதில் காணும் துகள் பெரும்பாலும் வெட்டி எடுத்த பின் சேர்ந்ததாகவே இருக்க வேண்டும்.

இங்கே நம்பிக்கை தரும் செய்தியும் ஒன்று உண்டு. பாத்தியில் பாய்ச்சுமுன் கடல்நீரைச் சாதாரண மணலில் வடித்தால், எடைக் கணக்கில் 85 சதவிகிதத்துக்கு மேற்பட்ட நுண் பிளாஸ்டிக்கை நீக்கிவிடலாம் என்று பம்பாய் ஆய்வாளர் சோதித்துக் காட்டினர். பெரிய இயந்திரம் ஏதும் வேண்டியதில்லை, மணலே போதும். வாங்குகிறவர்கள் கேட்டால் விளைவிக்கிறவர்கள் செய்வார்கள்.

5. உடலுக்குள் போவது எவ்வளவு? அதனால் தீங்கு உண்டா?

உலகச் சுகாதார நிறுவனம் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு உண்ண வேண்டும் என்கிறது. அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. ஐந்து கிராம் என்றே வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1.8 கிலோவுக்குச் சற்று அதிகம். செர்டாங் ஆய்வின் மிக அதிக எண்ணைக் கொண்டு பெருக்கினால் ஆண்டுக்கு 18 துகள். பம்பாய் ஆய்வின் உச்ச எண்ணைக் கொண்டால் ஏறக்குறைய 190. சீன ஆய்வின் உச்ச எண்ணைக் கொண்டால் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம்.

எண்ணிக்கை அச்சமூட்டினாலும் எடையையும் பார்க்கவேண்டும். பம்பாய் ஆய்வாளர் கண்ட எடைப்படி, நாளுக்கு 5 கிராம் உப்பு உண்பவரின் உடலுக்குள் ஓராண்டில் உப்பின் வழியாகப் போகும் பிளாஸ்டிக் ஒரு மில்லிகிராமில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. எழுபது ஆண்டு உண்டாலும் அது ஓர் அரிசி மணியின் எடையில் பாதிக்கும் குறைவு. அவர்களுடைய வடிதாளில் சிக்காத மிக நுண்ணிய துகள்கள் இக்கணக்கில் அடங்கா என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

மேலும், உப்பு மட்டுமே இதற்கு வழியன்று. ஒன்பது நாடுகளில் வாங்கிய 259 போத்தல் தண்ணீரை அமெரிக்க ஆராய்ச்சியாளர் சோதித்து 2018-இல் வெளியிட்டனர். நூற்றுக்கு 93 போத்தல்களில் துகள் இருந்தது. 100 மைக்ரோனுக்கு மேற்பட்ட துகள்கள் மட்டும் லிட்டருக்குச் சராசரி பத்து. ஓராண்டு முழுவதும் உண்ணும் உப்பு இரண்டு கிலோவுக்குள். போத்தல் தண்ணீரோ ஒரு நாளிலேயே இரண்டு லிட்டர் குடிப்பவர் உண்டு. எது பெரிய வழி என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இனி, தீங்கு உண்டா என்னும் கேள்வி. நெதர்லாந்தில் 22 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 17 பேரிடம் பிளாஸ்டிக் தென்பட்டதாக 2022-இல் அறிவித்தார்கள். இத்தாலியில் கழுத்து இரத்தக் குழாயில் படிந்த கொழுப்பை அறுவைச் சிகிச்சையால் நீக்கிக்கொண்ட 257 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 2024-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் 150 பேரின் படிவில் பாலித்தீன் இருந்தது. நுண் பிளாஸ்டிக் காணப்பட்டவர்களுக்கு மாரடைப்போ, பக்கவாதமோ, மரணமோ நேரும் ஆபத்து மற்றவர்களைப் போல் ஏறக்குறைய நாலரை மடங்கு இருந்தது. பிளாஸ்டிக்தான் காரணம் என்று இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதையே அது காட்டியது. அது உப்பிலிருந்து வந்ததென்றும் அந்த ஆய்வு சொல்லவில்லை. உணவு, நீர், காற்று ஆகியவற்றின் வழியே உடலில் சேரும் நுண் பிளாஸ்டிக்கைக் குறித்து உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையில், தீங்கின் அளவைத் திட்டமாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றும், ஆயினும் பிளாஸ்டிக் உபயோகத்தைக் குறைத்துக்கொள்வதே நல்லது என்றும் கருத்துத் தெரிவித்தது.

6. உப்பின் பெரிய ஆபத்து

பிளாஸ்டிக்கைப் பற்றிய பேச்சில் பலரும் மறந்துவிடும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். உப்பினால் விளையும் தீங்குகளில் ஐயத்திற்கு இடமின்றி நிரூபணமானது, அளவுக்கு மிஞ்சி உண்பதனால் உண்டாகும் இரத்த அழுத்தம். உப்பிலுள்ள சோடியத்தை மிகுதியாக உண்பதனால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 18 இலட்சத்து 90 ஆயிரம் மரணங்கள் நேர்வதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. 2017, 2018-ஆம் ஆண்டுகளில் மலேசியாவில் நடந்த அளவெடுப்பில் ஒருவர் நாளுக்குச் சராசரி 7.9 கிராம் உப்பு உண்டது தெரியவந்தது. சிங்கப்பூரில் 2022-ஆம் ஆண்டின் கணக்குப்படி அது 9 கிராம் அளவில் இருந்தது.

உப்பைக் குறைத்தால் இரத்த அழுத்தமும் குறைகிறது. உப்போடு வரும் துகளும் அதே விகிதத்தில் குறைகிறது. ஒன்பது கிராம் உண்பவர் ஐந்து கிராமாகக் குறைத்தால், எந்த உப்பை வாங்கினாலும் அவர் உண்ணும் துகளில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் குறைந்துவிடும். செலவில்லாத மருந்து இது. உப்பு விற்கும் நாமே இதைச் சொல்வதா என்று தயங்க வேண்டியதில்லை. உப்பில் போகும் சில காசு இலாபத்தைவிட, நன்மை சொன்ன கடைக்காரர் என்னும் பெயர் பெரியது.

7. விலக்க வேண்டிய இரண்டு தவறுகள்

முதல் தவறு, மறைப்பது. உலக உணவுத் தரத்தை வகுக்கும் கோடெக்ஸ் சபையின் உப்புத் தரம், உப்பின் தூய்மை 97 சதவிகிதத்துக்குக் குறையக்கூடாது என்று கூறி, ஈயம், பாதரசம் முதலியவற்றுக்கு வரம்பும் கட்டியிருக்கிறது. நுண் பிளாஸ்டிக்குக்கு அதில் வரம்பு குறிக்கப்படவில்லை. ஆகவே சட்டம் நம்மைக் கேட்காது என்று இருந்துவிடலாம். ஆனால் வாடிக்கைக்காரர் கேட்பார். அவர் நம்மிடம் வைத்த நம்பிக்கை ஓர் அமானிதம். தெரிந்ததை மறைத்து விற்பது அந்த அமானிதத்தைக் கெடுப்பதாகும்.

இரண்டாம் தவறு, அச்சத்தை விற்பது. "இந்த இளஞ்சிவப்பு உப்பில் பிளாஸ்டிக் அறவே இல்லை" என்று விளம்பரம் எழுதி, நாலைந்து மடங்கு விலை வைப்பவர்கள் இருப்பார்கள். இமாலய உப்பு என்று வழங்கும் அது பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள கேவ்ரா முதலிய சுரங்கங்களில் வெட்டி எடுக்கும் பாறை உப்பு. பாறை உப்பிலும் துகள் உண்டு என்பதைச் சீன ஆய்வும் காட்டியது, கொரிய ஆய்வும் காட்டியது; பின்னதில் கிலோவுக்கு 148 வரை காணப்பட்டது. சோதித்துப் பார்க்காத சரக்குக்கு "அறவே இல்லை" என்று உறுதி கொடுப்பது நாணயமான வியாபாரம் ஆகாது.

இதில் மற்றோர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. அத்தகைய உப்பில் பல வகைகளுக்கு அயோடின் சேர்ப்பதில்லை. அயோடின் குறைந்தால் கழுத்துக் கழலை வரும். கர்ப்பிணிக்குக் குறைந்தால் வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். ஐயத்துக்குரிய சிறு தீங்குக்கு அஞ்சி, நிச்சயமான பெருந்தீங்கை ஒரு குடும்பம் விலைக்கு வாங்கும்படி நாம் செய்துவிடலாகாது.

8. கிட்டங்கியிலும் கடையிலும் செய்ய வேண்டியவை

கடலில் கலந்ததை நம் கடையில் பிரித்தெடுக்க முடியாது. ஆனால் நம் கையால் மேலும் சேராமல் காத்துக் கொள்ளலாம்.

அ. உப்புச் சாக்குகளை வெயில் படும் ஐந்தடியில் அடுக்கி வைக்கலாகாது. வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் சாக்கு நார் நாராக உதிரும். ஈரம் ஏறாத, நிழலான இடத்தில் மரப்பலகையின் மேல் அடுக்குதல் வேண்டும்.

ஆ. சாக்கின் வாயைக் கத்தியால் கண்டபடி அறுத்தால் இழைத் துணுக்குகள் உப்பில் விழும். தைத்த நூலை உருவித் திறப்பதே முறை. சாக்கைத் தரையில் இழுக்காமல் தூக்கி வைக்கப் பையன்களைப் பழக்க வேண்டும்.

இ. நைந்துபோன பழைய சாக்கில் மீண்டும் உப்பைக் கொட்டி வைக்கலாகாது.

ஈ. உப்பைச் சில்லறையாக நிறுத்து விற்பவர்கள், விளிம்பு தேய்ந்த பிளாஸ்டிக் அள்ளியை எறிந்துவிட்டு மர அள்ளியையோ துருப்பிடிக்காத எஃகு அள்ளியையோ வைத்துக்கொள்ளலாம்.

உ. மொத்தமாகக் கொள்முதல் செய்பவர்கள், சரக்கு அனுப்புவோரிடம் மூன்று கேள்விகளை எழுத்து மூலம் கேட்கவேண்டும். உப்பு கடல்நீரில் விளைந்ததா, கிணற்று நீரிலா, பாறையிலா? பாத்தியில் விடுமுன் நீரை வடிகட்டுகிறார்களா? விளைந்த உப்பைக் கழுவிச் சுத்திகரிக்கிறார்களா? ஒரு கடைக்காரர் கேட்டால் பதில் வராமற் போகலாம். சங்கத்தின் உறுப்பினர்கள் பலர் சேர்ந்து கேட்டால் பதில் வந்தே தீரும்.

ஊ. வீட்டில் உப்பைக் கண்ணாடி ஜாடியிலோ, பீங்கானிலோ, பழைய வழக்கப்படி மரவையிலோ வைக்கும்படி வாடிக்கைக்காரருக்குச் சொல்லலாம். கல்லுப்பைக் கரைத்துப் பருத்தித் துணியில் வடித்துச் சமைக்கும் பழக்கம் நம் பாட்டிமாரிடம் இருந்தது. அது மண்ணையும், துணியின் கண்ணில் நிற்கக்கூடிய பெரிய துகளையும் நீக்கும். மிக நுண்ணியவற்றை நீக்காது.

9. சுற்றி வரும் சரக்கு

இதுவரை உப்பு நம் கடைக்கு வரும் வழியைப் பார்த்தோம். நம் கடையிலிருந்து வெளியே போவதையும் பார்த்தால்தான் பாடம் முழுமை பெறும்.

ஒரு வெள்ளிச் சாமானுக்கு ஒரு பை. அதற்குள் மிளகாய்த் தூளுக்கு ஒரு சிறு பை. கறிக்கு ஒரு பை, தேத்தண்ணீருக்கு ஒரு பை. வாங்கியவர் பத்து நிமிஷத்தில் அதை எறிந்துவிடுகிறார். மழை பெய்தால் அது காலுவாய்க்குப் போகிறது. காலுவாய் ஆற்றுக்கும், ஆறு கடலுக்கும் கொண்டு சேர்க்கின்றன. 2010-ஆம் ஆண்டில் மட்டும் 48 இலட்சம் முதல் 127 இலட்சம் டன் வரை பிளாஸ்டிக் குப்பை நிலத்திலிருந்து கடலுக்குள் போனதாக விஞ்ஞானிகள் 2015-இல் மதிப்பிட்டார்கள். அங்கே அது உடைந்து, பொடிந்து, ஏதோ ஒரு கரையில் ஏதோ ஒரு பாத்தியில் உப்போடு உப்பாகத் தங்கி, சாக்கில் ஏறி, கப்பலில் வந்து, மறுபடியும் நம் தராசில் அமர்கிறது. பையாக இலவசமாகக் கொடுத்ததை உப்பாக விலைக்கு வாங்குகிறோம்.

பினாங்கு மாநிலம் 2011 முதல் இலவசப் பிளாஸ்டிக் பையை அன்றாடம் தவிர்க்கும் ஏற்பாட்டைச் செய்தது. சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகள் 2023 ஜூலை 3 முதல் பைக்குக் குறைந்தது ஐந்து காசு வாங்குகின்றன. சட்டம் பெரிய கடைகளைத் தொட்டிருக்கிறது. சிறிய கடைகளை அவற்றின் மனச்சாட்சிக்கே விட்டிருக்கிறது. பை கேட்காதவருக்குப் பை கொடாமலிருப்பதும், சொந்தப் பை கொண்டு வருபவரை மகிழ்வோடு வரவேற்பதும், மிளகையும் சீரகத்தையும் காகிதத்தில் மடித்துக் கொடுப்பதும் நம் பாட்டனார் காலத்துக் கடைகளில் அன்றாட நடைமுறை. அவர்களுக்கு வியாபாரம் நடக்காமல் போய்விடவில்லை.

10. வாடிக்கைக்காரர் கேட்டால்

இப்பாடத்தின் சாரத்தைப் பெட்டியடியில் சொல்லத்தக்க பதிலாகவே தருகிறோம். கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்பது நல்லது.

"உப்பில் பிளாஸ்டிக் உண்டா?" — "சோதித்த உப்புகளில் மிகப் பெரும்பாலானவற்றில் சிறிதளவு உண்டு, அம்மா. யாரும் கலந்ததில்லை; கடலிலிருந்து வருவது."

"அதனால் ஆபத்தா?" — "உப்பினால் போவது மிகச் சொற்பம். தீங்கு எவ்வளவு என்று இன்னும் ஆராய்ந்து வருகிறார்கள். ஆனால் உப்பை அதிகம் தின்றால் இரத்த அழுத்தம் வரும் என்பது நிச்சயம். எந்த உப்பானாலும் குறைத்துப் போடுங்கள்."

"எந்த உப்பு நல்லது?" — "அயோடின் சேர்ந்ததாகப் பாருங்கள். விலை அதிகமானால் பிளாஸ்டிக் இல்லை என்று பொருளில்லை."

"நாங்கள் என்ன செய்வது?" — "அடுத்த முறை வரும்போது வீட்டிலிருந்து ஒரு பை கொண்டு வாருங்கள்."

இந்த நான்கு பதில்களிலும் பொய் இல்லை, அச்சுறுத்தல் இல்லை, நமக்கும் நஷ்டமில்லை. எடையிலும் அளவையிலும் நேர்மையாக நிற்பதைப் போலவே, சரக்கைப் பற்றிச் சொல்லும் சொல்லிலும் நேர்மையாக நிற்பதே வியாபாரியின் முதல். அந்த முதலைக் குறையாமல் காத்துக்கொள்ள நம் சகோதரர் ஒவ்வொருவரும் இன்றே தத்தம் கிட்டங்கியில் உப்புச் சாக்கு இருக்கும் இடத்தை ஒருமுறை சென்று பார்ப்பாராக.